மருந்து படாத செடிகள்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நெதர்லாந்துக் குளிர் பழகிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு சின்னச் சமாசாரம். போனில் சொன்னால் குரல் மாறிவிடும், அதனால் எழுதுகிறேன். மருந்தே இல்லாமல் பூச்சியைத் தாங்குகிறது என்று நீங்கள் அனுப்பிய தக்காளி விதையை இங்கே எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் விதைத்தோம். முளைத்த மூன்றாம் வாரமே வெள்ளை ஈ மொய்த்து இலையெல்லாம் சுருண்டுவிட்டது. பக்கத்தில் காட்டுத் தக்காளி நிற்கிறது. அதன் இலைமுடியில் ஊறும் பிசினில் ஈக்கள் கால் ஒட்டிச் செத்துக் கிடக்கின்றன. நம் மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பு வீட்டுச் செடிக்கும் அந்தக் குணம் உண்டு என்று ஆபீசரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

அங்கே நம் பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்காவைப் போனில் கேட்டேன். "இன்னா லவினா, உங்கப்பா வாராவாரம் மருந்து அடிக்கிறாரே, உனுக்குத் தெரியாதா? செடி போச்சுன்னா பொண்ணு ஏமாந்துடும்னு சொன்னாரு" என்றார்.

ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்று கெஞ்சினேனே அப்பா. நாலு மாதம் போட்டோ அனுப்பினீர்கள். பூச்சி அரித்த இலையை அனுப்பியிருந்தாலும் சந்தோஷமாகப் பார்த்திருப்பேன்.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, ராபர்ட்சன்பேட்டையில் அரைத்து அனுப்புங்கள். அம்மா உடுத்திய பழைய புடவை ஒன்றும் வையுங்கள், தலையணையில் சுற்றிக்கொள்ள.

வேலைக்கு நேரமாகிறது. சுரங்கத் தூசி தின்ற நெஞ்சோடு மருந்து அடித்திருக்கிறீர்கள். இருமல் நின்றுவிட்டது என்று போன வாரம் சொன்னீர்கள். அதையும் இனி ஜெயசீலி அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்
லவினா