ஒட்டிக்கொண்ட மூன்று பக்கங்கள்

பெர்கன்,
2 மார்ச் 1986

அன்புள்ள ஹால்வார்ட்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மறுபடி ஓடுகிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. நாலு மாத இருட்டுக்குப் பிறகு இந்த வாரம் உங்கள் ஸ்வால்பார்ட் தீவில் சூரியன் தலைகாட்டும் என்று வானொலியில் சொன்னார்கள். இங்கே மழைதான். வடபக்கத்துக் கூரைக் குழாயை ஆள் வைத்து மாற்றிவிட்டேன்.

வேலையில் ஒரு சங்கதி. வேறு யார் வாயிலாகவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

பார்வையற்றோர் நூலகத்துக்காக நான் ஒலிநாடாவில் வாசித்த நாவல்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. அவற்றில் பாதியிலாவது படுக்கையறை வரும். சில எழுத்தாளர்கள் விளக்கை அணைத்து, அடுத்த வரியில் காலைக் காபியைக் கொண்டுவந்துவிடுவார்கள். சிலர் ஒரு பொத்தானைக்கூட விடமாட்டார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு சொல்லையும் விடாதே, நடிக்காதே என்பது எங்கள் விதி. அதன்படி வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைப்பேன்.

கேட்பவர்களிடமிருந்து கடிதங்கள் வரும். ஒரு பாதிரியாரின் விதவை, அந்த இடங்களில் இன்னும் கொஞ்சம் நிதானமாக வாசிக்கும்படி கேட்டிருந்தார். பார்வை மங்கிய ஒரு பண்ணைக்காரர், மாட்டுக்கொட்டிலில் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பண்ணைக்காரர் நுழைந்துவிட்டதாகவும், இனி அப்படிப்பட்ட நாவலின் பெட்டிமேல் அடையாளம் போடும்படியும் எழுதியிருந்தார். கதவை மூடு என்று பாதிப் பேர், திற என்று பாதிப் பேர். நான் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை.

நவம்பரில் ஒரு நாவல் வந்தது. லோஃபோட்டன் தீவு மீனவர் ஒருவரும் அவர் மனைவியும். இருவருக்கும் வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பல வருடம் விலகியே படுத்தவர்கள் ஒரு மத்தியானம் திரும்பச் சேருகிறார்கள். மூன்று பக்கம். பெரிதாக ஒன்றுமில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்துவிடுகிறார். முழங்கால் வலிக்கிறதா என்று அவளைக் கேட்கிறார். அவள் சிரிக்கிறாள். முதல் பத்தியைக் கண்ணால் பார்த்ததுமே நான் மூன்று பக்கத்தையும் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

வாசிப்பு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் ஐவின்ட் கையில் இன்னொரு பிரதி வைத்துக்கொண்டு பார்த்துவருவான். நாடாவை நிறுத்தினான். பக்கம் ஒட்டிக்கொண்டது என்றேன். "ஒட்டிக்கிச்சுன்னா பிரிச்சிட்டா போச்சு, அதுக்கென்ன?" என்றான். மேலே போகலாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாடாவை ஓடவிட்டான்.

ஜனவரியில் வோஸ்ஸிலிருந்து போர்கில்ட் என்ற அம்மாளின் கடிதம் வந்தது. அவருக்கு எழுபத்தொரு வயது, முப்பதிலேயே பார்வை போனவர். அவருடைய தங்கை அச்சுப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அந்த மூக்குக்கண்ணாடி விஷயத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இவருடைய நாடாவில் கண்ணாடியே இல்லை. "எனக்கு எது வேண்டாம் என்று முடிவு செய்ய உங்கள் வாசிப்பாளர் யார்?" என்று நூலகத்தைக் கேட்டிருந்தார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும், சோல்ஃப்ரிட்" என்றார். மன்னிப்புக் கடிதம் எழுதவும், அந்தப் பக்கங்களைத் திரும்பப் பதிவுசெய்யவும் சொன்னார்.

கடிதம் எழுத வரவில்லை. நாலு தாளைக் கிழித்தபின், சனிக்கிழமை ரயில் பிடித்து நேரிலேயே போனேன்.

கதவைத் திறந்து என் குரலைக் கேட்டதும், "அட, நீங்களா! பன்னண்டு வருஷமா என் சமையக்கட்டுல பேசிக்கிட்டே இருக்கீங்க, இன்னைக்குத்தான் காலு மொளைச்சு வந்திருக்கீங்க" என்றார். கட்டம் கட்டமான வாஃபிள் அப்பம் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டியோடு வைத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அசிங்கமா எழுதியிருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"பின்ன ஏன் வுட்டீங்க? கண்ணுதாம்மா போச்சு எனக்கு. நாப்பது வருஷம் புருஷனோட குடும்பம் நடத்துனவ நான்."

வாசித்தால் என் குரல் மாறிவிடும் என்று பயந்ததாகச் சொன்னேன். இதை நான் ஐவின்டிடமும் சொல்லவில்லை.

அவர் கரண்டியைத் துடைத்து வைத்தார். "மத்த புத்தகத்துல அந்த மாதிரி எடம் வந்தா வானிலை அறிக்கை மாதிரி வாசிச்சுட்டுப் போவீங்க. புயலும் இல்ல, மழையும் இல்ல. வானிலைக்கு எனக்கு ரேடியோ இருக்கு. புத்தகம் கொண்டாந்திருக்கீங்கள்ல? வாசிங்க."

அந்தச் சமையலறை மேசையிலேயே வாசித்தேன். முழங்கால் வலிக்கிறதா என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவர் இன்னொரு வாஃபிளை என் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு வாசித்து முடித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்தினார்.

உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். ஸ்வால்பார்டில் என்றேன்.

"வேலையா?"

வேலைதான் என்றேன்.

திங்கட்கிழமை திரும்பப் பதிவு செய்தோம். ஐவின்ட் கேட்டுப் பார்த்துவிட்டு, "எச்சில் முழுங்குற சத்தம் ஒண்ணு விழுந்திருக்கு. எடுத்துடட்டுமா?" என்றான். இருக்கட்டும் என்றேன். புதிய நாடா போன பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று ஒரு பள்ளி ஆசிரியர். இந்த வயதில்தான் தேவை என்று பெயர் போடாத ஒருவர். இரண்டையும் கோப்பில் வைத்தாயிற்று. வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதே.

மற்றபடி, பள்ளி வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்க்கப் பழைய சாமான் சந்தை வைத்திருந்தார்கள். சின்ன அறைக் கட்டிலை அதற்குக் கொடுத்துவிட்டேன். உன் குறட்டையால்தான் என்று எல்லாரிடமும் சொல்லி, ஸ்வால்பார்ட் போவதற்கு முன் நாலு வருடம் நீ படுத்திருந்த கட்டில்தான். இரண்டு பேர் வந்து தூக்கிப் போனார்கள். அந்த அறையில் இப்போது தையல் மெஷின் மட்டும் இருக்கிறது. ஜூனில் விடுமுறைக்கு வந்து நீ வாசலில் திகைத்து நிற்கக் கூடாது என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். இந்த ஏற்பாடு உனக்குச் சரிப்படாது என்றால் உடனே எழுதிவிடு, வேறு கட்டில் வாங்கிவிடலாம். சரிப்படும் என்றால் எழுத வேண்டாம். வா.

உன்,
சோல்ஃப்ரிட்