லென்சில் வைத்த சந்தனப் பொட்டு

செலண்டார்,
16.11.1997

பிரியமுள்ள தம்பி கணேஸ்வரனுக்கு உன் அண்ணி கிருஷ்ணவேணி எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நீயும் புனிதாவும் குட்டி வதனாவும் சுகமாக இருப்பீர்கள். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, அண்ணிக்கு என்ன திடீரென்று கடிதம் எழுதும் ஆசை என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் கோழி நடந்த மாதிரி இருக்கும். உனக்குப் புரியாவிட்டால் புனிதாவிடம் கொடு. அவள் உன்னைவிட நன்றாகத் தமிழ் படிப்பாள். எல்லாமே உன்னைவிட நன்றாகத்தான் செய்வாள், உன்னைக் கட்டிக்கொண்டது ஒன்றைத் தவிர.

போன் ஹாலில் இருக்கிறது. மணி அடித்தால் உன் அண்ணன்தான் முதலில் எடுப்பார். எடுத்ததும் எல்லாம் ஓகே லா என்பார். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் வாங்கி வேறு மாதிரி என்ன பேச முடியும்? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட மெஷின் விஷயம், சுவரில் பெரிதாகப் படம் காட்டுமே, அது. போன தடவை அங்கிருந்து பிளேன் ஏறி வந்தபோது, உன் ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி, பெட்டியில் துணிக்குப் பதிலாக அதை அடைத்துக்கொண்டு வந்தாய். இருந்த நாளெல்லாம் அண்ணன் கைலியைக் கட்டிக்கொண்டு திரிந்தாய். அந்த மெஷின் எப்படிக் கெட்டது என்று நீ கேட்டதற்கு, பழசு லா, ஆயுசு முடிந்தது என்று சொன்னாராம். ஆயுசு தானாக முடியவில்லை தம்பி. உன் அண்ணன்தான் முடித்து வைத்தார்.

ஆயுத பூசை அன்று காலையிலேயே குளித்துவிட்டு மோட்டார் சைக்கிள், என் தையல் மெஷின், மாவரைக்கும் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பட மெஷினுக்கு மட்டும் தனி மரியாதை, தம்பி கொடுத்ததாயிற்றே. பக்கத்தில் காற்றுப் போவதற்குச் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, அதன்மேல் விபூதியை அள்ளி மூன்று பட்டையாகப் பூசினார். சாமந்தி மாலை போட்டார். சாம்பிராணி காட்டினார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

சாயந்தரம் வழக்கம்போல நீ அனுப்பிய வதனா வீடியோ கேசட்டைப் போட்டார். சுவர் முழுக்க மஞ்சளாக ஒரே மங்கல். பிள்ளை எது, சோபா எது என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், லென்சின் நடுவிலேயே இவ்வளவு பெரிய சந்தனப் பொட்டு, அதற்குமேல் குங்குமம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, படம் நல்லாத்தானே தெரியுது என்றார். செய்த கூத்தை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் துணியை எடுத்து வருவதற்குள் உள்ளே இருக்கிற காற்றாடி விபூதியை இழுத்து இழுத்து, கருகின வாடை வந்து, டப்பென்று ஒரு சத்தம். அதோடு இருட்டு.

அந்த வாரம் முழுக்க அவரை நான் விட்டு வைக்கவில்லை. கோயிலில் அர்ச்சனை செய்யும் ஐயருக்கே இவ்வளவு கை தாராளம் கிடையாது என்றேன். அடுத்த வருஷம் டிவிக்கு அபிஷேகம் உண்டா, பால் எவ்வளவு வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

மெஷினைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, மலாக்கா டவுனில் டிவி ரிப்பேர் செய்யும் சீனர் கடைக்குப் போனேன். அவர் மூடியைத் திறந்ததும் சாம்பல் கொட்டியது. இது என்ன, சிமெண்டா என்று மலாயில் கேட்டார். சாமி கும்பிட்ட சாம்பல் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கள் கடையிலும் சாமி இருக்கிறது, ஆனால் அதை அலமாரிமேல் வைத்திருக்கிறோம், மெஷினுக்குள் வைப்பதில்லை என்றார். நல்ல மனுஷர், வாய்தான் என்னைப்போல.

அவர் சொன்னது இதுதான். விளக்கு வெடித்துவிட்டது. அது இங்கே கிடைக்காது, ஜப்பானிலிருந்து வர வேண்டும். ஜனவரி கடைசியில் சீனப் பெருநாள் கழித்துத்தான் கையில் கிடைக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடியிலும் ஒரு பக்கம் சூடுபட்டுவிட்டது. விளக்கை மாற்றினாலும் படத்தின் இடது ஓரம் எப்போதும் மஞ்சளாகத்தான் விழும். இதற்குப் பேசாமல் புதிது வாங்கிவிடலாம் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது உன் அண்ணன் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பசாரில் வாங்க வேண்டிய சாமான் என்றேன். வெங்காயத்தை எழுது, போன தடவை மறந்துட்ட என்கிறார். முன்பென்றால் எழுந்து வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார், நான் எழுத்துப்பிழை விட்டால் கிண்டல் செய்வார். இப்போது எட்டிப் பார்ப்பதில்லை தம்பி. பார்த்தாலும் தெரியாது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் கடல் கடந்து வந்த காட்டுத்தீப் புகைமூட்டம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும், அங்கே டிவியிலும் காட்டியதாகச் சொன்னாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் மூக்கை மூடிக்கொண்டு போனார்கள். எதிர்வீடு மங்கலாகத் தெரிந்தது. அண்ணனும் கண் எரிகிறது, மங்கலாக இருக்கிறது என்றார். எல்லாருக்கும் அப்படித்தானே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது நல்ல மழை பெய்து புகையெல்லாம் போய்விட்டது. போன வாரம் காலையில் துணி காயப்போட வந்தவள், லேடாங் மலை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். வந்து என் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் மலைப் பக்கமே பார்த்தார். பிறகு சொன்னார்:

"புகை இன்னும் விடல லா."

நான் ஆமாம் என்றேன். ஈரத் துணியைப் பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றேன். லென்சில் பொட்டு வைத்தாரே, அது எப்படி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு வாரம் முழுக்கச் சிரித்திருக்கிறேன்.

மறுநாளே மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை வியாதிதான், இனிப்பு நீர் கண்ணில் இறங்கிவிட்டதாம். இடது கண்ணில் பார்வை போய்விட்டது. வலது கண்ணிலும் நடுவில் இருட்டு, வலது ஓரமாக மட்டும் கொஞ்சம் தெரிகிறது. லாரி வேலையை விட்டாரே, செம்பனைக் குலை ஏற்றி இறக்கி இடுப்பு வலி என்று உன்னிடமும் சொன்னாரே, அது இடுப்பு இல்லை. ஒருநாள் எஸ்டேட் ரோட்டில் குறுக்கே போன சைக்கிள்காரனை மிக அருகில் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். நல்லவேளை, அடி இல்லை. அன்றே சாவியைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டார். எனக்கே இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்துத்தான் சொன்னார்.

ஜனவரியில் ஆபரேஷன். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் இந்த ஆபரேஷன், போனது திரும்பாது, இருப்பதும் குறையலாம் என்றார்.

இப்போது புரிகிறதா, அந்த மெஷின் எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்று? டிவியில் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சுவரில் வதனா எங்கள் வாசல் கதவு உயரத்துக்கு நடந்து வருவாள். அவர் நாற்காலியை ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, பிள்ளைக்குப் பல் முளைத்ததைக்கூடச் சொல்வார். சில சமயம் எழுந்து சுவர்கிட்டே போய்க் கன்னத்தைத் தொடுவார். அவர் நிழல் விழுந்து பிள்ளை மறைந்துவிடும். உடனே விலகிக்கொள்வார். நாற்காலியை ஏன் அப்படிப் போடுகிறீர்கள், கழுத்துச் சுளுக்கப் போகிறது என்று அதையும் நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது டிவியில் கேசட்டைப் போட்டுக் காதால்தான் பார்க்கிறார். பிள்ளை விழுந்தால் நான் சிரிக்கிறேன், அதைக் கேட்டுப் பிறகு அவர் சிரிக்கிறார்.

போன ஞாயிறு நீ போன் செய்து, ரிப்பேர் வேண்டாம், தூக்கிப் போடுங்கள், டிசம்பரில் வருவதற்குப் பதிலாக அந்தச் செலவில் புது மெஷினே அனுப்பிவிடுகிறேன் என்றாயாம். உன்மேல் தப்பில்லை. நல்ல மனசோடுதான் சொன்னாய். அண்ணனும், அதுதான் சரி, நீ வந்தால் இரண்டு வாரம் இருப்பாய், மெஷின் வருஷம் பூராவும் இருக்கும், சோறும் கேட்காது லா என்று சிரித்தார். போனை வைத்த பிறகு அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவன் வந்தா என்னைப் பாப்பான், வேணி. மெஷின் என்னைப் பாக்காது."

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் முன்னால் போவார், நீ பின்னால் போவாய். நான் கல்யாணமாகி வந்தபோது நீ மூக்கொழுகிய இரண்டாம் வகுப்புப் பையன். அவர் டிராக்டரில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். ஏர்போர்ட்டில் உன் கண்ணெதிரே படி தடுக்கி, நீ ஓடி வந்து கையைப் பிடிக்க வேண்டி வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எஸ்டேட்டில் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்த மனுஷர், தம்பிக்குப் பயப்படுகிறார்.

ஆகவே மெஷினைப் பற்றி நானே முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நேற்றுச் சீனர் கடைக்குப் போன் செய்து ரிப்பேரே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். இடது பக்கம் மஞ்சளாக விழுமே என்று மறுபடியும் எச்சரித்தார். விழட்டும், எங்கள் வீட்டில் இடது பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. விளக்கு வரும்போது வரட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு தெரிந்தால் அதில் பார்ப்பார்.

ஆனால் அது வருவதற்குள் ஜனவரி ஆபரேஷன் வந்துவிடும். நீ புதிது வாங்கினால் டிசம்பரில் நீ வர மாட்டாய். எனக்கு இந்த இரண்டு கணக்குமே பிடிக்கவில்லை. புது மெஷின் வேண்டாம் தம்பி. நீ வா. புனிதாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உன் துணியை எடுத்து வா, கைலி ஒன்றும் கிடையாது.

பேனா ஓயவே இல்லையே, பசாரையே வாங்கிவிடப் போகிறாயா என்று கேட்கிறார். ஆமாம், விருந்தாளி வந்தால் சாமான் வேண்டாமா என்றேன். யார் விருந்தாளி என்றார். வந்தால் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். உடனே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. போனில் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல். வேண்டாம் என்பார், இரண்டு தடவை சொல்வார். மூன்றாவது தடவை சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும்.

வந்து இறங்கியதும் ஒன்றே ஒன்று செய். ஏர்போர்ட்டில் எங்களைப் பார்த்ததும் அண்ணே என்று நேருக்கு நேராக ஓடி வராதே, நேரே வந்தால் அவருக்கு இருட்டுத்தான். அவர் வலது கைப்பக்கமாக வா. நான் அந்தப் பக்கம் இடம்விட்டு, இடது பக்கமாக நின்றுகொள்கிறேன். பேசாமல் பிள்ளையை அவர் கையில் கொடு, கன்னம் அவர் கன்னத்தை உரசுகிற அளவுக்குக் கிட்டத்தில். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து முடிக்கும் வரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். அவர் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பார்க்கட்டும்.

உனக்கும் புனிதாவுக்கும் எல்லா நலமும் சேரட்டும். வதனா கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உங்கள் மூவர் வரவையும் பார்த்துக்கொண்டிருக்கும்
அண்ணி கிருஷ்ணவேணி