வளைவில் கேட்ட சங்கிலி

அன்புள்ள ரமூனெ,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? உன் முதுகுவலி தேவலையா? இங்கே நார்வேயில் பனிக்கும் குறைவில்லை, எனக்கும் ஒரு குறையுமில்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. டிராக்டர் சக்கரங்கள் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டினால் விரல் மரத்துப்போகும் என்று சோம்பல்பட்டு, மாட்டாமலே சாலைப் பனியைத் தள்ளப் போனேன். கடலோர வளைவில் வண்டி சறுக்கி, பனிக்குவியலில் முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

எனக்கு முன்பு இந்த வேலை பார்த்த ஈவர், போன குளிர்காலத்தில் சங்கிலி மாட்டாமல் வந்து டிராக்டரோடு கடலுக்குள் போனது அதே வளைவில்தான். அவர் மனைவி மார்கிட் அக்கா வீடும் அங்கேதான். சங்கிலிச் சத்தம் கேட்டால் எனக்காக வேலிக்கம்பத்தின் மேல் காபி வைப்பார். அன்று கோப்பை காலியாக இருந்தது.

"இப்பதானே குடிச்சிட்டுப் போனே? மறுபடியும் வேணுமா?" என்றார்.

"நான் இப்பதாங்க்கா வர்றேன். சங்கிலிகூட மாட்டலை."

அவர் என் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "உசுரோட இருந்தப்ப தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலை அந்த மனுஷன். இப்ப மாட்டிக்கிட்டு வர்றாரு."

தனியாக இருப்பவர்களுக்கு எதுவும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. கேசட்டில் ஏதாவது பேசி அனுப்பு, பிள்ளைகளைத் திட்டுவதாக இருந்தாலும் சரி. அறையில் ஒரு சத்தம் வேண்டும்.

அவசரமாக முடிக்கிறேன். வளைவில் சங்கிலிச் சத்தம் கேட்கிறது. என் சங்கிலி அடுப்பருகே காய்ந்துகொண்டிருக்கிறது.

உன் அல்கிஸ்