பந்து வராத பக்கம்

பிப்ரவரி 3, 1946. ஞாயிறு

காலையில் பனி. மலை உச்சி தெரிய வெகுநேரம் ஆனது. மல்லாட்டை சீசன், கடலை மூட்டை வந்து குவிகிறது, அதனால் மண்டியில் ஞாயிறும் கிடையாது. மூட்டை எடை போட்டு முதுகு போய்விட்டது.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய் (கிடைத்தால்). முழங்காலுக்குத் தைலம். ஜைனபுவுக்கு மாதுளம்பழம், ஏழு மாசம் அவளுக்கு. உலகச் சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். ரேஷன் கடை வரிசை முடியவில்லை.

பட்டணத்திலிருந்து ஒரு மில்காரர் வந்திருக்கிறார். டிராவலர்ஸ் பங்களாவில் ஜாகை. மில் புட்பால் டீமுக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கப் போகிறாராம், லெப்ட் பேக். அமைந்தால் வேலை, மில் ஸ்டோரிலேயே அரிசி. இதைக் கேட்டுவிட்டு ஜைனபு, "ஒங்களுக்கு இன்னா கொறச்சல்? போய் நில்லுங்களேன் அவுரு முன்னால" என்றாள். என் வயது அவளுக்குத் தெரியும். முழங்காலும் தெரியும். இருந்தும் சொன்னாள்.

லெப்ட் பேக் என்றால் இந்தப் பக்கத்தில் அருளப்பன்தான். மாதா கோயில் டீம். நான் பஜார் டீமில் ரைட் அவுட், வலது ஓரமாகப் பந்தை ஓட்டிப்போகிறவன். ரைட் அவுட்டை மறிப்பதுதான் லெப்ட் பேக்கின் வேலை, அதாவது என்னை. நாலு வருஷமாக அவன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை.

பிப். 4, திங்கள்

கோட்டை அடிவார மைதானம். மாதா கோயில் டீமுக்கும் திண்டிவனத்து டீமுக்கும் ஆட்டம். மண்டியில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனேன். வெயிலில் நின்று நிஜமாகவே தலைவலி.

அருளப்பன் வெறுங்கால். கணுக்காலில் பழைய வேட்டித் துணிக் கட்டு. ஆட்டம் முழுக்கச் சும்மா நின்றான். பந்து அவன் பக்கம் வரவே இல்லை. எப்படி வரும்? அவனிடம் ஒருமுறை பட்டவன் எவனும் அந்தப் பக்கம் பந்தை அனுப்பமாட்டான். எல்லாப் பந்தும் எதிர்ப் பக்கம். அங்கே இருந்த பேக் நாய் படாத பாடு பட்டு, பத்தில் நாலைத் தடுத்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டான்.

மில்காரர் குடைக்கடியில் கொட்டாவி விட்டார்.

பக்கத்தில் நின்ற சைக்கிள் கடைக்காரன், "இன்னாப்பா இவன், தூங்கறானா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ஏன் சுருக்கென்று இருக்க வேண்டும்?

பிப். 5, செவ்வாய்

தைலம் கிடைத்தது. மண்ணெண்ணெய் இல்லை.

அவர்களுக்கு ரெண்டாவது ஆட்டம். அதே கதை. அருளப்பன் ஒருமுறை குனிந்து காலில் முள் எடுத்தான். இன்று அவன் செய்த பெரிய வேலை அதுதான்.

சாயங்காலம் டீக்கடையில் மில்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு ஆட்டம் பார்த்தும் அந்த ஆளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீ எதிர்த்து ஆடுகிறவனாமே, எப்படி அவன் என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். "பேக் சரியா அமையலன்னா ஒரு ரைட் அவுட்ட கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். நாளைக்கு நீயும் ஆடறியாமே" என்றார்.

சோம்பேறி சார் அவன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் நம்பியும் இருப்பார், ரெண்டு நாளாக அதைத்தானே கண்ணால் பார்க்கிறார். "நாளைக்குப் பாருங்க சார்" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன்.

ஜைனபுவிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டி பானையைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள்.

பிப். 6, புதன்

எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம். வழக்கம்போல் பந்தை இடது பக்கமாகவே கொண்டுபோகலாம் என்றார் கேப்டன். வேண்டாம், எல்லாம் எனக்கு அனுப்புங்கள் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

காரணத்தை நேராகவே எழுதிவைக்கிறேன். அருளப்பனுக்கு நல்லது செய்ய அல்ல. மில்காரர் கண்ணெதிரில் ஒரே ஒரு தடவை அவனைத் தாண்டிவிட்டால் அந்த இடம் எனக்கு.

தாண்டவில்லை. உள்ளே வெட்டினேன். லைனோடு ஓடினேன். பந்தை ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் சுற்றிப் பார்த்தேன். நான் போய்ச் சேரும் இடத்தில் அவன் முன்னாலேயே நின்றான். இடிக்கவில்லை, தள்ளவில்லை. காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டான், என் சட்டைப்பையிலிருந்து பீடி எடுக்கிறவன் மாதிரி.

கூட்டத்திலிருந்து ஒருத்தன் என்னைப் பார்த்து: "காதர் பாய், ஊட்டுக்குப் போயி மல்லாட்ட ஒடைங்க." சிரிப்பு. தோற்றோம்.

பிறகு கேப்டன் வந்து மில்காரர் சொன்னதைச் சொன்னார், தமாஷ் போல. பேக் சுமாராகத் தேறுவான், ஆனால் எதிரே வந்த ரைட் அவுட் ஒன்றுக்கும் உதவாதவன், அவனை யாரும் நிறுத்தலாம் என்றாராம். அதனால் அருளப்பனுக்கு ஹெல்ப்பர் வேலைதான், தினக்கூலி, குவார்ட்டர்ஸ் கிடையாது, மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து.

எனக்கு இடம் போனது ஒரு பக்கம். என் கையாலாகாத்தனத்தில் அவன் மதிப்பும் இறங்கிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. கால் வீக்கம்.

பிப். 7, வியாழன்

மத்தியானம் அருளப்பன் மண்டிக்கு வந்தான். நாலு வருஷம் எதிரும் புதிருமாக ஆடியும் மைதானத்துக்கு வெளியே பேசினதில்லை. மூட்டைகளுக்கு நடுவே நின்றான். ஒரு மல்லாட்டையை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான், உடைக்கவில்லை.

"ஒன்னு கேக்கறேன் பாய், மறைக்காதீங்க. நேத்து முழுசா ஆடினீங்களா, கால் வலியோட ஆடினீங்களா?"

தப்பிக்கிற வழியை அவனே திறந்துவிட்டான். முழங்காலைக் காட்டினால் போதும், தைல வாசனைகூட அடித்துக்கொண்டிருந்தது. என் மானம் மிஞ்சும். அவனும் தலையை ஆட்டிவிட்டு ஹெல்ப்பர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பான்.

"முழுசாத்தான் ஆடினேன்" என்றேன். "என்னால அவ்ளோதான் முடியும். இந்த தாலுக்காவுல வேற எவனாச்சும் என்னை நிறுத்தி இருக்கானான்னு அந்த ஆள விசாரிக்கச் சொல்லு."

கொட்டையை மூட்டையிலேயே போட்டுவிட்டுப் போனான்.

பிப். 8, வெள்ளி

ஜும்மா முடிந்து வரும்போது கேப்டன் சொன்னது: மெஷின் பிட்டர் வேலையும் குவார்ட்டர்ஸும் தந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று அருளப்பன் பங்களாவில் நின்றுவிட்டானாம். காதர் பாயை நிறுத்தினவனுக்கு இதுவா கூலி என்று கேட்டானாம். மில்காரர் டீக்கடையில் விசாரித்து, திண்டிவனத்து ஆட்களையும் விசாரித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்.

ஆக, என்னை வைத்துத்தான் அவனை எடை போட்டிருக்கிறார்கள். எங்கள் மண்டியில் எடை போடப் படிக்கல் இருக்கிறது, அந்த மாதிரி. வியாபாரி மூட்டையை ஏற்றிக்கொண்டு போவான், கல் தராசிலேயே கிடக்கும். பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

பிப். 9, சனி

காலை பஸ்ஸில் அருளப்பன் மில்காரரோடு போய்விட்டான். நான் ரேஷன் வரிசையில் நின்றிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பார்த்தான், கையைத் தூக்கினான். என் கையில் பை.

"மில்காரர் போயிட்டாரா?" என்றாள் ஜைனபு. போய்விட்டார் என்றேன். தைலத்தை எடுத்து வந்து என் முழங்காலில் தேய்த்தாள்.

மண்ணெண்ணெய் கிடைத்தது. மாதுளம்பழம் மறந்துவிட்டேன்.

பிப். 10, ஞாயிறு

பனி இல்லை. மாதா கோயில் டீமோடு சும்மா ஒரு ஆட்டம். அருளப்பன் இடத்தில் தபாலாபீஸ்காரர் ஒருத்தர், புது ஆள், நல்ல மனுஷன். முதல் பந்திலேயே தாண்டிவிட்டேன். ரெண்டாவதிலும் தாண்டிக் கோல். எல்லோரும் கைதட்டினார்கள், கேப்டன் முதுகில் அடித்தார்.

நாலு வருஷம் இதற்குத்தான் ஓடினேன். ரெண்டு தடவையும் லைனில் திரும்பும் இடத்தில் கால் தயங்கியது, இதோ வந்துவிடுவான் என்று. யாரும் வரவில்லை. அடுத்த பந்து காலுக்கு வந்ததும், அருளப்பன் நிற்கிறபோது எல்லோரும் செய்வது மாதிரி, எதிர்ப் பக்கம் அனுப்பிவிட்டேன்.