கோடில்லாத புள்ளி

மில்லர்புரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜெப்ஸிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நான் வைக்கும் மீன் குழம்புதான் சுகமில்லை. மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கட்டுரை வந்த இதழ் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்துசேர்ந்தது. தென்மாவட்டத்து நூலகர்கள் இருபது ஆண்டுகளில் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்கள் என்ற கணக்கு. ஆளுக்கொரு புள்ளி, சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே ஒரு கோடு, நிறைய எழுதினால் கோடு தடிக்கும். தெளிவான வேலை. உன் புள்ளி நட்டநடுவில் இருக்கிறது. உனக்கும், அங்கே உன்னோடு வேலை பார்க்கும் நாகர்கோவில் ஜெஃப்ரிக்கும் நடுவே உள்ள கோடு, நம் துறைமுகச் சாலை அகலம். அவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார்.

என் புள்ளி வலது ஓரத்தில் தனியாக நிற்கிறது. கோடே கிடையாது. என் கட்டுரைகள் எல்லாவற்றையும் நான் தனியாகத்தான் எழுதினேன், அதனால் உன்மேல் குறையில்லை. ஆனால் எங்கள் உதவியாளர் சுடலைராஜ் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, மதினி உங்கள மட்டும் கடலுக்குள்ள தள்ளி விட்டுட்டாவளே” என்று கேட்டான். மறுநாள் கேன்டீனிலும் அதையே கேட்டார்கள்.

ஒரு கோடாவது சம்பாதிக்கலாம் என்று பக்கத்துக் கல்லூரி நூலகர் நேசக்குமாரிடம் போனேன். “பேப்பர்ல ஏற்கெனவே ஆறு பேரு அண்ணாச்சி. எழுதுனது நான் ஒருத்தன். ஏழாவதா வந்து நீங்க என்ன செய்யப் போறிய?” என்றார். அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதனால் ஒரு யோசனை. முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர்கள் யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று நாம் இருவரும் ஆராயலாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாம் சேர்ந்து ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. இருவரும் அந்தக் கட்டுரைகளைத் தனித்தனியே வகைபிரித்து, பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். வாட்ஸ்அப்பில் செய்யலாமே என்பாய். செய்யலாம், சரியாக வராது.

மஸ்கட் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதா என்று மாதக் கடைசிக்குள் நீ சொல்ல வேண்டும் அல்லவா? அது உன் முடிவு. அதில் நான் தலையிடவில்லை.

நம் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்துவிட்டேன். உன் பெயர்தான் முதலில். எழுதியவர்களின் முகவரியை இதழில் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இருவருக்கும் மில்லர்புரம் வீட்டையே போட்டிருக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்வாராக. தலைப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்று. முகவரியை மட்டும் திருத்தாதே.

இரண்டாவது பெயராக,
பொன்னுதுரை