மூன்றாவது பெயர்

டிரம்ஷான்போ,
14 ஜூலை 2011

அன்புள்ள ஃபியக்ரா,

நானும் அப்பாவும் சுகம், பெர்த்தில் குளிர் என்றாயே, நெஞ்சில் சளி கட்ட விடாதே. இங்கே கோடை என்று பெயர்தான், பத்து நாளாக மழை, அடுப்புக்கு வெட்டிப் போட்ட சதுப்புக்கரி இன்னும் காயவில்லை. அது கிடக்கட்டும், உன் அப்பாவும் மாலகி சித்தப்பாவும் பேசிக்கொண்டுவிட்டார்கள்.

பழைய ரயில் பாதையோரம் அண்ணனும் தம்பியும் வலையோடு போவதும், நீ சித்தப்பா தோளில் உட்கார்ந்து பட்டாம்பூச்சியைக் கண்டு கத்துவதும் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த ஈஸ்டர் விருந்தில்தானே எல்லாம் கெட்டது. நம் ஊர்க் காட்டு வெள்ளைப் பட்டாம்பூச்சி, சினாபிஸ் இல்லையாம், ரியாலி என்ற வேறு இனமாம் என்று அப்பா, பிடித்துக் குத்தி வைத்திருந்த பெட்டியில் பெயர்ச் சீட்டை மாற்றப் போனார். சித்தப்பா, “அடிவயித்தப் பிரிச்சு பூதக்கண்ணாடில பாத்தாத்தான் தெரியும்னா அது என்னண்ணே வேற இனம்?” என்றார். அப்பா சும்மா இருந்தாரா? தபால் ஆபீஸில் வேலை பார்த்த தம்பியிடம், “தபால் பிரிக்கிறவனுக்குக் கவர்தானே தெரியும், உள்ள இருக்கிறது எப்படித் தெரியும்” என்றார். ஆட்டுக்கறியைத் தட்டோடு வைத்துவிட்டுப் போன சித்தப்பா, பத்து வருஷம் வாசல் மிதிக்கவில்லை.

போன ஞாயிறு பட்டாம்பூச்சிச் சங்கத்தின் இதழ் வந்தது. மரபணுவைச் சோதித்ததில் இரண்டும் இல்லையாம், ஜுவெர்னிகா என்று மூன்றாவது இனமாம். அப்பா மூன்று தடவை படித்துவிட்டு, “அப்ப நானும் தப்பா, டிம்ப்னா?” என்று என்னைக் கேட்டார். போய் உங்கள் தம்பியிடமே சொல்லுங்கள் என்றேன், மழையிலேயே கிளம்பிவிட்டார். கதவைத் திறந்த சித்தப்பா, எதிரே நின்றவரைப் பார்த்து “யாரு?” என்றாராம். வீம்புக்குக் கேட்கிறார் என்றுதான் அப்பா முதலில் நினைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்வை போய்விட்டதாம், ஃபியக்ரா. அவர் பூசைக்கு வராததைக்கூட நாங்கள் கோபம் என்றே எண்ணியிருந்தோம். அப்பா உட்கார்ந்து இதழில் வந்ததை முழுவதும் வாசித்துக் காட்டியிருக்கிறார். “ரெண்டு கழுதையும் தப்பான பேருக்கா இத்தன வருஷம் அடிச்சுக்கிச்சு!” என்று சித்தப்பா இருமல் வரும்வரை சிரித்தாராம். திரும்பி வந்த அப்பா வெகுநேரம் காரை விட்டு இறங்கவில்லை. “அவன் மொகம் எனக்குத் தெரியுது, என் மொகம் அவனுக்குத் தெரியல” என்றார், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். சித்தப்பாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. ஃபோனில் பேசி முடித்துவிடாதே, கடிதம்தான் வேண்டும், அதையும் நம் வீட்டு விலாசத்துக்கே போடு. வாசித்துக் காட்ட அப்பா போயாக வேண்டுமே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா