நான்காவது மாற்றல் மனு

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கை வெடிப்புக்கு நீ அனுப்பிய களிம்பு வந்தது. மூன்றாவது மாற்றல் மனுவும் திரும்பி வந்தது. லாரி ஓட்டும் தேர்வில் முதலாவதாகத் தேறியவள், பதினோரு மாதமாகக் கிடங்கில் போர்வை மடிக்கிறேன். இங்கே ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் பூட்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். என்னோடு பயிற்சி எடுத்தவர்கள் மலைப்பாதையில் சரக்கு கொண்டுபோகிறார்கள். "என்ன போர்வை மகாராணி, சௌக்கியமா?" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

உன்னோடு ஒரே லாரியில் இருந்த உன் சிநேகிதி நெட்டைதானே இங்கே முகாம் தளபதி? சிபாரிசு உனக்குப் பிடிக்காது, தெரியும். இந்த ஒரு தடவை எழுதேன்.

உன் மகள்

மார்ச் 12

செல்லத்துக்கு,

போர்வை மகாராணி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கிடங்கு வேலையும் பட்டாள வேலைதான். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவள் சொல்கிறேன், பொறுமையாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. என் இடுப்பு வலி தேவலை. நெட்டைக்கு எழுதுவது முறையல்ல.

அம்மா

மார்ச் 20

அம்மா,

நேற்று நான்காவது மனுவோடு தளபதி முன்னால் போய் நின்றேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எத்தனை தடவைதான் நானே கெட்டவளா நிக்கிறது? படிச்சுக்கோ. இது வேண்டாம்னு உங்கம்மாவே எழுதித் தரட்டும், மறுநாளே உனக்கு வண்டி தர்றேன்."

உன் கையெழுத்து. நான் இங்கே வந்து சேர்ந்த வாரத்துத் தேதி. 'அவளை ஸ்டீயரிங் பக்கமே விடாதே' என்று எழுதியிருக்கிறாய். சீருடையில் என்னை நிற்க வைத்துத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாயே அம்மா. ஏன் இப்படிச் செய்தாய்?

மார்ச் 29

மகளே,

நாலு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதே மலைப்பாதை. நான் ஓட்டினேன், பக்கத்தில் நெட்டை. முன்னால் போன வண்டி வளைவில் திரும்பியது. நாங்கள் திரும்பியபோது அது பாதையில் இல்லை, கீழே பள்ளத்தில் கிடந்தது. அதை ஓட்டியவளுக்கு அப்போது உன் வயது. எதற்கும் நிறுத்தக்கூடாது என்று உத்தரவு. நான் நிறுத்தவில்லை.

நீ பட்டாளத்தில் சேர்கிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னைச் சீருடையில் பார்க்க எனக்கும் ஆசை. நீ சேரவும் வேண்டும், அந்தப் பாதையில் போகவும் கூடாது என்று நினைத்துவிட்டேன்.

இத்துடன் நெட்டைக்கு ஒரு கடிதம் இருக்கிறது. முன்பு எழுதியதை மறந்துவிடு என்று இரண்டே வரி. நேராக அவளுக்கே அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நீயே கொடுத்துவிடு.

அம்மா

ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்த இரண்டு வரி நாலு நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. கிடங்கிலிருந்து தளபதி அறை நாற்பது அடி. இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும்?"

"போர்வை போதுமான்னு கேக்க வந்தேன்."

"போதும்."

இன்று காலை ஒரு வண்டிக்கு ஆள் குறைந்தது. புதிதாக வந்த ஒருத்தி ஏறினாள். கையசைத்தாள். நானும் அசைத்தேன். சாயங்காலம் பத்திரமாகத் திரும்பிவிட்டாள்.

காரணத்தை நீ எழுதாமலே இருந்திருக்கலாம் அம்மா. வெறும் கோபத்தோடு இருந்திருந்தால் நான் போயிருப்பேன்.

உன் மகள்